ஏழு சதவீதம்

அத்தியாயம் 19

ஞாயிறு மூன்றே முக்கால் மணிக்கு அக்காவின் போனில் ஏழு சதவீதம் இருந்தது. நாலரைக்குப் பட்டாணியுடன் வீடியோ கால்.

பட்டாணி அக்காவின் மகள். ஆறு வயது. நான்கு மாதமாக அவள் அப்பாவின் வீட்டில் இருக்கிறாள். கோர்ட் அக்காவுக்குக் கொடுத்தது வாரத்தில் அரை மணி நேரம், குடும்ப நல மையத்தில் பதிவு செய்த ஒரே போனில். வேறு போனில் பேச வேண்டுமென்றால் மூன்று வேலை நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று கால் தவறினால், அடுத்த விசாரணை வரை எதுவும் கிடையாது. அடுத்த விசாரணைக்கு எழுபது நாள் இருந்தது.

இரண்டு ஏற்கெனவே தவறிவிட்டன. முதல் முறை போன் பாதியில் செத்துப்போனது. இரண்டாம் முறை அக்கா ஓட்டும் கூரியர் வேன் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. அவள் படியேறி வந்தபோது ஐந்தே கால்.

பிள்ளை ஏன் அப்பாவிடம் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விசாரணையில் என்னைக் கேட்டார்கள். தூங்குகிற குழந்தையை வேனில் விட்டுவிட்டு உங்கள் அக்கா பார்சல் கொடுக்கப் போனது உண்டா? உண்டு என்றேன். எவ்வளவு நேரம்? இருபது நிமிடம் என்றேன். இரண்டும் உண்மை.

அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அண்ணன், அவள், நான். எனக்குச் சொல்ல வேண்டியதை அவள் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வாள். இந்த வீட்டுல பால் வாங்கிட்டு வர ஆள் இருக்கா இல்லையா என்று அதைக் கேட்பாள். நான் போய் வாங்கி வருவேன். என் மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒருவர் பேசாமல் இருப்பது எனக்கு அவ்வளவாக உறைப்பதில்லை.

இன்றைக்கு அவள் ஃபிரிட்ஜிடம் போகவில்லை. ஹாலில் படுத்திருந்த அண்ணனை எழுப்பினாள். போனை அவன் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"ராத்திரி பூரா சார்ஜ் பேட் மேல இருந்தது. இப்போ வேலையிலேருந்து வந்ததும் திரும்ப வச்சேன். லைட் எரிஞ்சுது. இப்போ பாரு. அவனைக் கேளு."

அவன் என்றால் நான். நான் நான்கு அடி தள்ளி நின்றிருந்தேன்.

எனக்கு வேலை ஒரு செல்போன் உதிரிப்பொருள் கடையில். கவர், கேபிள், கண்ணாடி ஸ்டிக்கர். ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்கிற கேள்வி, என் போனில் வயர்லெஸ் சார்ஜிங் வருமா என்பது. போனின் முதுகைத் திருப்பிப் பார்ப்பேன். உலோக முதுகென்றால் வராது. கண்ணாடி முதுகென்றால் வரலாம், வராமலும் போகலாம். ஒரே வரிசையில் விலை கூடியதற்கு இருக்கும், குறைந்ததற்கு இருக்காது. வாங்கியவர்களுக்கே பாதி நேரம் தெரியாது.

வராத போனுக்கு ஒரு வழி இருக்கிறது. ரிசீவர் பட்டை என்போம். சீட்டுக்கட்டு அளவில், அட்டை மாதிரி மெல்லியது, உள்ளே செம்புச் சுருள். அதிலிருந்து ஒரு ரிப்பன் கீழே இறங்கும், ரிப்பன் நுனியில் பிளக். பிளக்கை போனின் சார்ஜ் போர்ட்டில் செருகி, பட்டையை முதுகில் ஒட்டி, மேலே கவர் போட்டுவிட்டால் போதும். பேட் மேல் வைத்தால் மெதுவாக ஏறும். ரொம்ப மெதுவாக.

அக்காவின் போனுக்கு ஆறு வாரம் முன்பு நான்தான் அதைப் போட்டேன். பார்சல் ஸ்கேன் செய்ய ஒரு நாளைக்கு நாற்பது முறை வேன் சார்ஜர் கேபிளிலிருந்து போனைப் பிடுங்கி, நாற்பது முறை செருகியதில் போர்ட் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. முதல் கால் தவறியதே அதனால்தான். ஒரு முறை பிளக்கைச் செருகி, இனிமேல் அதைத் தொடவே வேண்டாம் என்று பசை விட்டு இறுக்கினேன். கடையில் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. வீட்டுப் போன் என்பதால் கூடுதல் அக்கறை.

கவரைக் கழற்றினேன். போனுக்கும் கவருக்கும் நடுவில், பட்டையின் மேல், பளபளவென்று ஒரு எஃகுத் தகடு. தொட முடியவில்லை, அவ்வளவு சூடு.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். அவன் வேலை பார்ப்பது குளிர்சாதனக் குழாய்களுக்குத் தகடு வளைக்கிற பட்டறையில். போன் வேன் ஹோல்டரிலிருந்து நழுவி நழுவி விழுகிறது என்று அக்கா சொன்னாளாம். காந்த ஹோல்டர் வாங்கி மாட்டி, அதற்கு ஒட்டிக்கொள்ள இந்தத் தகட்டை நேற்று வெட்டி வைத்தானாம். ஓரத்தை நான்கு முறை அரம் போட்டதாகச் சொன்னான், கையைக் கிழிக்கக் கூடாதே என்று.

பேட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்பு வந்தால் கரண்ட் போனுக்குப் போகாது, தகடுதான் சூடாகும் என்று சொன்னேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றும் சொன்னேன்.

"நீ ஒட்டினப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இரும்பு ஆகாதுன்னு," என்றான்.

அதுவும் சரி.

தகட்டை எடுத்துவிட்டுப் போனை பேட் மேல் வைத்தேன். பேட்டில் விளக்கு எரிந்தது. போனில் ஒன்றும் வரவில்லை. ரிப்பன் மடங்குகிற இடம் வெந்து பழுப்பாகியிருந்தது. அந்த மடிப்பைக் கட்டை விரலால் அழுத்தி, லேசாக இடப்பக்கம் தள்ளினால் சார்ஜ் குறி வந்தது. விட்டால் போனது.

டேப் ஒட்டிப் பார்த்தேன். ரப்பர் பேண்ட் போட்டேன். காகிதத்தை மடித்துச் செருகினேன். எதற்கும் வரவில்லை. விரலுக்கு மட்டும் வந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சாதாரணக் கேபிளைப் போடச் சொன்னான் அண்ணன். பசையோடு போர்ட்டும் கையில் வந்துவிடும் என்றேன். எங்கள் கடைக்குப் பக்கத்தில் ரிப்பேர் செய்கிறவரைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, எடுக்கவில்லை. இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டேன். ஒருவர் எடுத்தார், கல்யாணத்தில் இருந்தார், நாளைக்குக் கொண்டு வா என்றார்.

மணி நாலு பத்து. இந்தச் சோதனைகளில் போன் ஐந்துக்கு இறங்கியிருந்தது.

அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். சீருடையை இன்னும் மாற்றவில்லை. ஒரு கையால் இன்னொரு கையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

வீடியோவில் அந்தப் பழைய பேட்டரி பத்து நிமிடம் தாங்கும். அரை மணி ஓட வேண்டுமென்றால் யாராவது மடிப்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவே அழுத்த முடியாது, இரண்டு கையும் முகமும் திரையில் தெரிய வேண்டும். வேறு யாரும் அறையில் இருக்கவும் கூடாது. இருந்தால் அந்தக் கால் தவறியதாக எழுதுவார்கள்.

அண்ணன் தான் பிடிப்பதாகச் சொன்னான். பிடித்துப் பார்த்தான். பத்து வருடம் தகடு வளைத்த விரல், எங்கே அழுத்துகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. மேலும் பட்டாணி குரல் கேட்டாலே அவனுக்கு மூக்கு உறிஞ்ச வரும். அது அவனுக்கும் தெரியும்.

அக்கா அண்ணனைப் பார்த்தே சொன்னாள்.

"உள்ள வர்றவன் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லு."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "மூச்சு விடக் கூடாதாம்."

"சரின்னு சொல்லு," என்றேன்.

என் அறையில் வைத்துக்கொண்டோம். அங்குதான் மேஜை இருக்கிறது. மேஜை விளிம்பில் இரண்டு அட்டைப்பெட்டிகளை அடுக்கி, போனைச் சாய்த்து, பின்னால் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இடது கையில் பேட். வலது கட்டை விரல் மடிப்பில். எதிரே அக்கா. சேலை மாற்றி, தலை வாரி வந்திருந்தாள். நடுவில் போன் மட்டும். அண்ணன் கதவை வெளியே சாத்தினான்.

நாலரைக்கு ஏழு சதவீதம் ஆகியிருந்தது. மணி அடித்தது.

முதலில் வந்தது மையத்து அம்மா. கண்காணிப்பு அலுவலர். எனக்குக் குரல் மட்டும் கேட்டது. விசாரணையில் என்னைக் கேள்வி கேட்டதும் இதே குரல்தான். காலின் முதல் சில நிமிடமும் கடைசிச் சில நிமிடமும் அவர் இருப்பார். நடுவில் தாயையும் பிள்ளையையும் தனியே விட்டுவிடுவார். பதிவு செய்வதில்லை.

"அறையில வேற யாராவது இருக்காங்களா?"

"இல்ல," என்றாள் அக்கா.

"சுத்திக் காட்டிடுங்க."

இதை நாங்கள் யோசித்திருந்தோம். அக்கா போனைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன். அவள் போனைத் திருப்பத் திருப்ப, நான் அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு, விரலை எடுக்காமல், அறையைச் சுற்றினேன். ஜன்னல், கட்டில், கதவு. பேட்டின் ஒயர் காலில் சுற்றியது. நான்கு மாதத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் இது.

யோசிக்காதது ஒன்று இருந்தது. அலமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. என் மனைவி விடாப்பிடியாக மாட்டச் சொன்னது. இன்னும் ஒரு கால் வட்டம் திரும்பினால் அதில் நான் முழுசாக விழுவேன். அக்கா அதைப் பார்த்தாள். போனைச் சட்டென்று மேலே தூக்கினாள்.

"இந்த லைட் போதுமா பாருங்க மேடம். போன வாரம் இருட்டா இருக்குன்னு சொன்னீங்களே."

 போதும், உட்காருங்கள் என்றது குரல்.

உட்கார்ந்தோம். என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

பட்டாணி வந்தாள்.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தேன். முழங்கை தூரத்தில், அரை மணி நேரம் ஒருவர் முகத்தை அப்படிப் பார்ப்பது சுலபமில்லை. வேனில் வெயில் படுகிற பக்கம் கன்னம் கறுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே புதிதாக இரண்டு கோடு. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பட்டாணிக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் ஆடுகிறதாம். நாக்கால் தள்ளிக் காட்டினாள் போலிருக்கிறது, அக்கா வாயைத் திறந்து கிட்டே போய்ப் பார்த்தாள். வகுப்பில் ஒருத்தி இவளுடைய பென்சிலைக் கடித்துவிட்டாளாம். கடித்த பென்சிலைத் திருப்பிக் கேட்டால் அது அசிங்கமா இல்லையா என்று நெடுநேரம் விவாதித்தார்கள்.

"அம்மா, நீ ஏன் ஆடிக்கிட்டே இருக்க? வேன்ல இருக்கியா?"

என் விரல்தான். மரத்துப்போக ஆரம்பித்திருந்தது.

"மேஜை ஒரு கால் குட்டை. அதான்," என்றாள் அக்கா.

"எந்தக் கால்?"

"உன் மாமா பக்கத்துக் கால்."

என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அதை அவள் எனக்காகச் சொன்னாள். நான் முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டேன்.

பதினைந்து நிமிடம் போயிருக்கும். பட்டாணி குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு போட்டோ எடுத்தாங்க. சிரிக்கவே கூடாதாம். நான் சிரிச்சிட்டேன், திரும்ப எடுத்தாங்க. காது தெரியணுமாம்மா. முடிய பின்னாடி தள்ளிட்டாங்க."

அக்காவின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது.

"எதுக்குடா செல்லம் போட்டோ?"

"சின்ன புக்குல ஒட்டறதுக்கு. நீல புக்கு. அது இருந்தாத்தான் ஏரோப்ளேன்ல விடுவாங்களாம். எனக்கு ஜன்னல் சீட். பெட்டி கட்டியாச்சு. என் பொம்மை அதுக்குள்ள கொள்ளல, கையில எடுத்துக்கலாம்னு அப்பா சொன்னார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னார். நீ யாருக்கும் சொல்லாத."

கோர்ட் உத்தரவில் அது தெளிவாக இருக்கிறது. அனுமதி இல்லாமல் பிள்ளையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. இரண்டு பேருக்கும் பொருந்தும்.

அக்கா கண்ணை உயர்த்தினாள். போனின் மேல் விளிம்புக்கு மேலே, என்னைப் பார்த்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு. கேட்டதா என்று கேட்கிற பார்வை. நான் தலையசைத்தேன்.

அவள் திரும்பக் குனிந்தாள். அவசரமே இல்லாத குரலில், எனக்கும் கேட்கும்படி, ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெட்டி எத்தனை? இரண்டு. யார் யார் போகிறீர்கள்? அப்பாவும் நானும். எந்த ஊர்? தெரியாது, கடல் தாண்டி. எப்போது?

"நாளைக்கு. இருட்டோட எழுப்பிடுவாராம். நேரம் இல்லன்னா ஷூவோடயே தூங்கலாம்னு சொல்லியிருக்கார். நான் ஷூவோட தூங்கினதே இல்லம்மா."

"சாக்ஸ் போட்டுக்கோ. இல்லன்னா கடிக்கும்," என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு பத்து நிமிடம் அவள் பல்லைப் பற்றியும் பென்சிலைப் பற்றியும்தான் பேசினாள். எப்படிப் பேசினாள் என்று தெரியவில்லை. என்னால் முடிந்திருக்காது. சதவீதம் நான் பார்க்க முடியாத பக்கத்தில் இருந்தது. என் கட்டை விரல் இருப்பதே எனக்குத் தெரியவில்லை, மேஜையில் தெரிந்த அதன் நிழலைப் பார்த்துத்தான் நிச்சயப்படுத்திக்கொண்டேன்.

அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில் ஒரு முறை, பிள்ளையை ஊரைவிட்டே கொண்டுபோகிறார் என்று அக்கா மையத்துக்குப் புகார் எழுதினாள். விசாரித்தால் பள்ளிச் சுற்றுலா, போய்ச் சாயங்காலம் திரும்புகிற பஸ். அதிலிருந்து அவள் எதைச் சொன்னாலும் அந்த அம்மா பேனாவை எடுப்பதில்லை. இன்றைக்குப் பிள்ளை சொன்னதைக் கேட்டவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தியை நம்ப மாட்டார்கள். இன்னொருவன் அறையிலேயே இல்லை.

ஐந்து மணிக்குக் குரல் திரும்பி வந்தது. நேரம் முடிந்தது, குழந்தை போகலாம். பட்டாணி முத்தம் கொடுக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு. மூன்றாவதன் நடுவில் வெட்டுப்பட்டது.

"எல்லாம் சரியாப் போச்சா?"

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"வழக்கமான கேள்விதான். அறையில யாராவது இருந்தாங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கால் கணக்கில் சேரும். அடுத்த ஞாயிறு நாலரைக்கு மணி அடிக்கும். மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

"இருந்தாங்க," என்றாள் அக்கா. "இப்பவும் இருக்கான். என் தம்பி."

பேனா மூடியைத் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"ஆரம்பத்துல இல்லைன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"இது மூணாவதும்மா. நான் எழுதித்தான் ஆகணும். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

"எழுதுங்க. அவன் காதுல விழுந்ததையும் சேர்த்து எழுதுங்க. நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க மேடம். அவன் சொன்னா நம்புவீங்க. ஏற்கெனவே ஒரு தடவை நம்பியிருக்கீங்க."

அவள் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். போனை என் பக்கம் திருப்பினாள். என் விரல் மடிப்பை விட்டது, சார்ஜ் குறி அணைந்தது. அவள் பேட்டை வாங்கிக்கொண்டு தன் கட்டை விரலை அங்கே வைத்தாள். முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை கிடைத்தது.

"சொல்லுடா," என்றாள்.

மூக்குக் கண்ணாடி போட்ட மையத்து அம்மா திரையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். சிரிக்காத போட்டோ, காது, நீல புத்தகம், இரண்டு பெட்டி, ஜன்னல் சீட், யாரிடமும் சொல்லக் கூடாது என்றது. இருபது நிமிடம் என்று அன்றைக்குச் சொன்ன அதே குரலில்தான் சொன்னேன். எனக்கு வேறு குரல் இல்லை. நான் ஊகித்தது எதையும் சேர்க்கவில்லை. அவர் நடுவில் இரண்டு முறை நிறுத்தி, இது குழந்தை சொன்ன வார்த்தையா உங்கள் வார்த்தையா என்று கேட்டார். குழந்தையின் வார்த்தை என்றேன்.

"என்னைக்குன்னு சொன்னாளா?"

"நாளைக்கு. இருட்டோட எழுப்பிடுவாராம்."

பேனா நின்றது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஐந்து பத்து.

"கோர்ட் நாளைக்குப் பத்து மணிக்குத்தான் திறக்கும்," என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

 கதவுக்கு வெளியே அண்ணன் மூக்கு உறிஞ்சினான்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். எழுதியதை ஒரு முறை படித்தார். தனக்கு மேலே இருப்பவரின் வீட்டுக்கே போய்ப் பார்க்கப் போவதாகவும், பயணத்தைத் தடுக்கும் கடிதத்தில் ஞாயிற்றுக்கிழமை அவர் கையெழுத்துப் போடுவாரா என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். போட்டாலும் விமான நிலையத்தில் யார் வாங்கிக்கொள்வார்கள் என்பது அடுத்த கேள்வி என்றார்.

"ராத்திரி எந்நேரம் ஆனாலும் இந்தப் போன்லதான் கூப்பிடுவேன். பதிவுல இருக்கறது இதுதான். உங்க ரெண்டு பேர்கிட்டயும் திரும்ப வாக்குமூலம் கேட்பாங்க. அணைஞ்சு போகாம பார்த்துக்குங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

மூன்று சதவீதம்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். பேட்டையும் போனையும் மடியில் வைத்து, விரலை எடுக்காமல், அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தாள். நகம் வெளுத்திருந்தது. நான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"கை வலிச்சா சொல்லு. மாத்திக்கலாம்."

"பேசாம இரு," என்றாள். "அசையுது."